சபுர் வீட்டுக்குக் காப்பீடு எதற்கு

பொன்னுரங்கம் சாரை எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும். ஒரு கையெழுத்துப் போட அவர் படும் பாட்டைப் பார்த்தால், மனுஷனின் கிட்னியைக் கேட்டுவிட்டோமோ என்றிருக்கும். சிதம்பரத்துக்கு வெளியே ஓர் ஊரில் வி.ஏ.ஓ. நான் சந்திரலேகா, சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். சான்றிதழ் கேட்டு நான் விண்ணப்பம் போடுவேன், அவர் தள்ளுபடி செய்வார். எங்கள் இருவருக்கும் அதுதான் பிழைப்பு.

என் சென்டரில் போட்ட நஸீமாவின் விண்ணப்பத்தை இரண்டு தடவை தள்ளியிருந்தார். அவள் மகள் நிலோஃபருக்கு ஆறு வயது, இருதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பூத்துவிடும். சென்னையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. அட்டையைக் கடலூர் கலெக்டர் ஆபீசில் எடுக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. மூலமாக வருமானச் சான்று வேண்டும். தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான். வா, நேர்ல கேட்டுடலாம்" என்று இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஆபீசில் பயிர்க் கணக்கு அடங்கல் வாங்க வந்த கூட்டம். பாதிப் பேர் நஸீமா தெருக்காரர்கள். பொன்னுரங்கம் அவளைப் பார்த்ததுமே சிரித்தார்.

"இவுங்களுக்கா வருமானச் சான்று? சபுர் வூடும்மா இது!"

சபுர் என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வெளிநாட்டுப் பிழைப்பு. அவர் மேஜை டிராயரைத் திறந்து கோடாலித் தைலப் புட்டியை எடுத்து நெற்றியில் இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டார். "இத யாரு குடுத்தாங்கிறீங்க? இவுங்கதான், போன பெருநாளைக்கு. புருஷன் அனுப்புனதுன்னு தெருவுக்கே குடுத்தாங்க."

"எங்க வூட்டுக்கும் சோப்பு குடுத்துச்சு. அதுக்கு என்னா கொறச்சல்?" என்றாள் வரிசையில் நின்ற ரத்தினம்மாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓசித் தைலத்தைப் பூசிக்கொண்டே ஒரு குழந்தையின் உயிரில் விளையாடுகிற ஜென்மத்தை என்ன சொல்வது? "தைலத்தப் பாத்துத்தான் வருமானம் கணக்குப் போடுவீங்களா சார்? வெளிநாட்டுக் காசு வருதுன்னு எவன் எழுதிக் குடுத்தான் உங்களுக்கு?"

அவர் நிதானமாக ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "கணவர் தொழில், வெளிநாட்டில் வேலை. உங்க சென்டர்ல அடிச்சதும்மா."

நான் அடித்ததுதான். "மச்சான் சபுர்ல இருக்காங்க" என்று புருஷனைப் பற்றி நஸீமா முதல் தடவை வந்த அன்று முணுமுணுத்தாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெளிநாட்டுப் பணத்தை வைத்துக்கொண்டு ஓசி அட்டைக்கு அலைகிறதுகள் என்று மனசுக்குள் ஒரு வசவு வைத்துவிட்டு அடித்தேன். இரண்டாம் தடவையும் பழையதையே அப்படியே ஒட்டி அனுப்பினேன்.

"அக்கா மேல தப்பு இல்ல சார். நான்தான் சொன்னேன்" என்றாள் நஸீமா. மடியில் தூங்கும் குழந்தையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அந்தத் தைலம், சோப்பு எல்லாம் கடலூர் கடையில வாங்குனது, என் தையல் காசுல. மூணு வருஷமா மச்சான்கிட்டருந்து பணமும் இல்ல, போனும் இல்ல. அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டாங்க. பெருநாளைக்கு ஒண்ணும் குடுக்கலன்னா தெருவுல கேப்பாங்கல்ல, அதான்."

ரத்தினம்மாள், "அடிப் பாவமே!" என்று வாயில் கைவைத்தாள். இந்தப் பாவத்தைக் கேட்கக் கூடாது என்றுதான் அந்தப் பெண் மூன்று வருஷம் விரல் தேயத் தைத்துச் சோப்பு வாங்கியிருக்கிறாள்.

பொன்னுரங்கத்துக்கோ ஒரே உற்சாகம். "இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கணவரால் கைவிடப்பட்டவர்னு புதுசா ஒரு அப்ளிகேஷன் போடுங்க. இன்னைக்கே முடிச்சி வுடுறேன்" என்றார், கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற குரலில்.

"அப்படி வேணாம் சார். தையல் தச்சுப் புள்ளய வளக்குறவன்னு போடக் கூடாதா?"

"பாரத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

மறுநாள் கடலூரில் அட்டை கிடைத்துவிட்டது. ஆனால் என்னை அறுப்பது அதற்கு முந்தின நாள் மதியம்தான். சென்டருக்குத் திரும்பி மூன்றாம் தடவையாக அதே பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை என்ன போடட்டும் என்று அவளைக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருந்தால் இந்தக் கதை என் கடையோடு முடிந்திருக்கும்.

"சாரு சொன்னதயே போடுங்கக்கா."

போட்டேன். நஸீமா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, கைவிடப்பட்டவர் என்பதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து,

"எழுத்துல பிழை ஒண்ணும் இல்லியேக்கா? மறுபடி தள்ளிட மாட்டாங்களே?" என்றாள்.