இல்லாத கோளாறு

மரிய ஆனந்துக்குப் பாலக்கோடு தக்காளி மண்டியில் இருபத்தாறு வருஷ சர்வீஸ். எந்தப் பெட்டியிலும் மேல்வரிசையை அவர் நம்பியதில்லை. சந்தைக்கு வருகிற பெட்டியில் மேலே இருக்கிற தக்காளியெல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரிதான் பளபளவென்று இருக்கும். அவர் கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவார். அதற்கப்புறம்தான் விலைப்பேச்சு. இந்த ஒரு வித்தையை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் மனைவி பிளசி அதை மறுத்துப் பேசி யாரும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் எடுக்க வேண்டி வந்தது, மகள் அனிஷாவுக்காக.

அனிஷாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்து, கையாலேயே கதை சொல்லவும் கையாலேயே சண்டை போடவும் கற்றுக்கொண்டு வந்தவள். இருபத்திரண்டு வயது. ஆளுக்கொரு சைகைப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அப்பாவுக்கு அவள் வைத்த பெயர், கட்டைவிரலால் காற்றில் ஒரு அமுக்கு. 'நல்லவேளை, மூக்கை வைத்துப் பெயர் வைக்கவில்லை' என்று அவர் ஆறுதல்பட்டிருக்கிறார்.

சென்னையில் ஒரு நிறுவனம், காது கேளாத சின்னப் பிள்ளைகளுக்கு வீடியோவில் சைகை மொழி சொல்லித்தர ஆள் எடுத்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, முக்கால் மணி நேரம் ஒரு சோதனை வகுப்பு. அது தடங்கல் இல்லாமல் நடந்தால் அனிஷாவுக்கு வேலை.

மொபைல் டேட்டாவில் ஒத்திகை பார்த்தாள். எதிரில் சேலத்துத் தோழி கலைமதி. ஐந்தாவது நிமிஷம் படம் நின்றது. மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். இவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்ற மாதிரி. கலைமதியின் கை நெஞ்சுக்கு நேரே பாதிச் சொல்லில் அப்படியே உறைந்து கிடந்தது. அது 'வா' என்று முடியப்போகிறதா, 'வேண்டாம்' என்று முடியப்போகிறதா தெரியாமல் அனிஷா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு அப்பாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: சனிக்கிழமை?

மரிய ஆனந்துக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்தான், ஆனாலும் இறங்கவில்லை.

ஊருக்குள் இரண்டு லைன் வந்திருந்தது. ஒன்று பெரிய கம்பெனி. மாதம் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது, கூடவே சினிமா, கிரிக்கெட், ஆறு மாதத்துக்கு இலவசம். வழவழப்பான நோட்டீஸ் கேட்டில் செருகியிருந்தது. இன்னொன்று காரிமங்கலம் முனிராஜ் கேபிள். மாதம் அறுநூற்றைம்பது. சினிமா கிடையாது, நோட்டீஸும் கிடையாது.

"எரநூத்தி அம்பத்தோரு ரூவா வித்தியாசம் பிளசி. கல்யாணத்துக்கு எழுதற மொய்யி. மாசாமாசம் முனிராஜுக்கு நான் எதுக்கு மொய் எழுதணும்?"

"போன கிறிஸ்மஸுக்கு ஒரு மிக்சி வாங்கியாந்தீங்களே, அது எங்க கெடக்குதுங்க?"

"பரண் மேல."

"அது மேலயும் ஆஃபர்னுதான் எழுதியிருந்துது."

வியாழக்கிழமை காலை மண்டியில் ஏலம் கொஞ்சம் ஓய்ந்தபோதுதான் அவருக்கு யோசனை உதித்தது. நோட்டீஸும் விலையும் மேல்வரிசை. கம்பெனியின் அடிப்பெட்டி எது? கம்ப்ளைன்ட் நம்பர். லைன் எடுப்பதற்கு முன்னாலேயே லைன் வேலை செய்யவில்லை என்று புகார் சொல்லிப் பார்த்துவிட வேண்டியதுதான். தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பெரிய கம்பெனிக்கு அடித்தார். புது இணைப்புக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு குரல். அழுத்திப் பார்த்தார். மூன்றாவது நொடியில் ஒரு பெண், தேன் தடவின மாதிரி, "வணக்கம் சார்!" என்றாள். வைத்துவிட்டு மறுபடி அடித்துப் புகாருக்கு இரண்டை அழுத்தினார். பாட்டு வந்தது. நல்ல பாட்டுதான். அதைக் காதில் வைத்துக்கொண்டே பதினெட்டுப் பெட்டி தக்காளியை ஏலம் விட்டு முடித்தார். இருபத்திரண்டாவது நிமிஷம் ஒரு இயந்திரம் பத்து இலக்க வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டது. இல்லாத எண்ணை எங்கே போய்த் தேடுவது? நன்றி சொல்லி அதுவே வைத்துவிட்டது.

முனிராஜ் கேபிளுக்கு அடித்தார். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தாள். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"நெட்டு வரலீங்க," என்றார்.

"எந்த வூடுங்க?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. வாய்க்கு வந்தது பக்கத்துத் தெரு பச்சியப்பன் பெயர். அங்கேதான் இந்த லைன் இருந்தது. மகள் பிரசவத்துக்கென்று பச்சியப்பன் குடும்பத்தோடு ஓசூர் போய், வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது, சொல்லி முடித்த பிறகு.

"சரிங்க, வரேன்," என்று வைத்துவிட்டாள்.

'வரேன்' என்ற சொல்லின் விலை மரிய ஆனந்துக்குத் தெரியும். தச்சர் சொல்லுவார், பிளம்பர் சொல்லுவார், அவரே தினமும் நாலு பேருக்குச் சொல்லுகிறார். இரண்டு பெட்டியிலும் அடி அழுகல். அப்படியென்றால் விலை குறைந்ததை எடுப்பதுதான் வியாபாரம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பெரிய கம்பெனிக்கே சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டினார். நடுவில் இரண்டு தடவை ஏதோ நம்பரிலிருந்து போன் வந்தது. ஏல நேரத்தில் யார் எடுப்பது?

மொபெட்டில் ஊர் திரும்பும்போது மணி ஐந்தரை. மழைமேகம் கட்டி, பொழுது சீக்கிரமே மங்கியிருந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒரு ஸ்கூட்டர், மரத்தில் சாய்த்த ஏணி, ஏணி மேல் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. தொப்பி போட்டிருந்தாள். அவள் தலைக்கு மேல், இலை நிழலுக்குள், கறுப்புக் கேபிளில் ஒரு இடம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தீ இல்லை. புகை இல்லை. பல்பும் இல்லை. கம்பிக்குள்ளிருந்தே ஒரு சிவப்பு, சாம்பலுக்குள் ஊதிவிட்ட கங்கு மாதிரி. மரிய ஆனந்த் வண்டியை நிறுத்தியது அவருக்கே தெரியவில்லை.

"அது இன்னாம்மா செவப்பா?"

"லைட்டுங்ணா. அங்க பால் சொசைட்டிக் கம்பத்துல பேனா மாரி ஒன்னச் சொருவிட்டு வந்தேன். நூலு எங்க காயம் பட்டிருக்குதோ அங்க வெளிய எட்டிப் பாக்கும்."

பால் சொசைட்டி அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கே செருகின வெளிச்சம், வேலி தாண்டி, கரும்புக் காடு தாண்டி, மாட்டுக் கொட்டகைக் கூரை மேலாக வந்து, இந்தப் புளியமரத்தில் எட்டிப் பார்க்கிறது!

"அணில் கடிச்சிருக்குதுங்ணா. நல்லவேளை, பாதிதான். சும்மா நிக்கறதுக்கு ஏணியப் புடிங்களேன்."

பிடித்தார். அவள் கேபிளை இறக்கி, ஸ்கூட்டர் சீட்டையே மேஜையாக்கி உட்கார்ந்தாள். கறுப்புத் தோலைச் சீவினாள். அதற்குள் ஒரு தோல். அதற்குள் ஒன்றுமே இல்லை என்றுதான் மரிய ஆனந்த் நினைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தபோது, அவள் இரண்டு விரலுக்கு நடுவே ஏதோ மினுக்கியது. பிறந்த பிள்ளையின் தலைமுடியை விட மெலிசாக ஒரு கண்ணாடி நூல். மூச்சு பட்டதற்கே ஆடியது. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

"மூச்சு வுடுங்ணா, ஒன்னும் ஆவாது."

சீவின துணுக்குகளை அவள் ஒன்று விடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடினாள். "மாடு மேயற எடம். கால்ல ஏறுனா கண்ணுக்குக் கூடத் தெரியாது." நூலின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன மெஷினுக்குள் எதிரெதிரே படுக்கவைத்தாள். மெஷினின் திரையில் அவை இரண்டு பெரிய தூண்களாகத் தெரிந்தன. தூண்கள் மெதுவாக நகர்ந்தன, ஒன்றையொன்று பார்த்து நின்றன. ஒரு மின்னல். அவ்வளவுதான், ஒரே தூண். ஒட்டின இடம் எது என்று அவர் தேடினார். இருபத்தாறு வருஷம் அழுகலைக் கண்டுபிடித்த கண்ணுக்கு அது அகப்படவில்லை.

"எத்தினி நேரமாம்மா தேடுற?" குரல் கோயிலுக்குள் பேசுகிற மாதிரி தாழ்ந்துவிட்டது.

"ரெண்டு மணியில இருந்து. பச்சியப்பன்னு ஒருத்தரு வூட்டுல நெட்டு வரலைன்னாங்க. போய்ப் பாத்தா பூட்டிக் கெடக்குது. உள்ள பெட்டியப் பாக்க முடியல, செரி லைனப் பாத்துரலாம்னு கம்பம் கம்பமா வந்தேன். பத்தொம்பது கம்பம்."

மரிய ஆனந்த் மெல்ல நழுவிவிடலாம் என்று பின்வாங்கினார். வண்டி பக்கம் நாலடி வைத்திருப்பார்.

"இருங்ணா, அந்த வூட்டுக்காரருக்குச் செரி பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிர்றேன். மத்தியானத்துலருந்து போனே எடுக்க மாட்டேங்கறாரு," என்று அவள் நம்பரை அழுத்தினாள்.

மரிய ஆனந்தின் சட்டைப் பையில் மாதா பாட்டு ஒலித்தது.

அவள் அழைப்பை நிறுத்தினாள். பாட்டு நின்றது. மறுபடி அழுத்தினாள். மறுபடி பாட்டு.

"நீங்களா?"

மண்டியில் வாய் ஓயாதவர் அவர். அன்றைக்கு வாய் குழறியது. தக்காளிப் பெட்டி, மேல்வரிசை, அடிவரிசை, கட்டைவிரல் என்று முன்னும் பின்னுமாக உளறினார். "அடியில கை வுட்டுப் பாத்தேன்மா," என்று முடித்தார்.

"பாத்தீங்களா? நல்லதா, அழுகலா?"

அவர் திரும்பி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பேரு சுகுணாங்ணா. பேரு கூடக் கேக்காம வெய்யில்ல பத்தொம்பது கம்பம் நடக்க வெச்சிட்டீங்க. உங்களால ரெண்டு வேலை தள்ளிப் போச்சு."

"பச்சியப்பனுக்கு அடுத்த தெருவுல எங்க வூட்டுக்கு ஒரு லைன் வேணும்மா. சனிக்கிழமைக்குள்ள."

"புது லைன் எல்லாம் இனி அடுத்த வாரந்தான்." அவள் ஏணியை மடிக்க ஆரம்பித்தாள்.

அவருக்கு மகளைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. சட்டென்று தன் வலது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, விரல்களைப் பாதி விரித்து, அப்படியே நிறுத்தினார். "எம் பொண்ணுக்குக் காது கேக்காதும்மா. கையாலதான் பேசுவா. போன்ல பேசறப்ப எதிர்ல இருக்கறவ கை இப்படி நின்னுருச்சு. பாதி வார்த்தையில. சனிக்கிழமை அவ எட்டுப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும். இப்படி நின்னா வேலை போச்சு." சொல்லி முடித்தும் கையை இறக்கத் தோன்றவில்லை. ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து யாரோ, தங்களுக்குத்தான் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் காட்டினார்கள்.

சுகுணா மடித்த ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தாள்.

"எறக்குங்ணா. இதே கேபிள்ல அடுத்த நூலுதான் உங்க தெருவுக்கு வரணும். இன்னிக்கி இத ஒட்டாம வுட்டிருந்தா அதையும் அணில் தின்னிருக்கும்." ஸ்கூட்டரை உதைத்தாள். "நாளைக்கி வரேன்."

அந்தச் சொல்லை இந்தத் தடவை அவர் அமுக்கிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தாள். ஜன்னல் வழியாக நூலை உள்ளே இழுத்து, அலமாரியில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டி, மாதம் அறுநூற்றைம்பது என்றாள். கறிவேப்பிலைக்குக் கூடப் பேரம் பேசுகிற மனிதர் 'சரி' என்றதைக் கேட்டுப் பிளசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கரண்ட் போனா இதுவும் தூங்கிரும், சின்னதா பேட்டரி ஒன்னு வாங்கி வெச்சிக்குங்க," என்று சுகுணா சொல்லிப் போனாள். அவர் அப்போதே பஸ் ஏறித் தர்மபுரி போய் வாங்கிவந்தார். கடையில் விலையைக் கேட்டார். குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கடைக்காரர் கள்ள நோட்டோ என்று தூக்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை மண்டிக்கு லீவு. அறை ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். திரையில் எட்டுக் கட்டம், எட்டுப் பிள்ளைகள். ஒருத்தி கம்பைநல்லூர், ஒருவன் ராமநாதபுரம், மற்றதெல்லாம் எங்கெங்கோ. அனிஷாவின் கைகள் ஒரு யானையைச் செய்தன, பிறகு மழையை. எட்டுக் கட்டத்திலும் மழை பெய்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. இத்தனை இரைச்சலான வகுப்பை அவர் பார்த்ததும் இல்லை.

இருபதாவது நிமிஷம் மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. மரிய ஆனந்த் சிலுவை போட்டுக்கொண்டு வெள்ளைப் பெட்டியைப் பார்த்தார். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. திரையைப் பார்த்தார். ராமநாதபுரத்துப் பையன் வெறுங்கையாலேயே குடை பிடித்துக்கொண்டிருந்தான். எந்தக் கையும் பாதியில் நிற்கவில்லை. அனிஷா நெற்றி வியர்வையை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் அந்தக் கறுப்பு வடம் வெயிலில் தொங்கியது. அதற்குள் ஒரு தோல், அதற்குள் ஒரு தோல், அதற்குள் மூச்சுக்கு ஆடுகிற அந்த நூல். ராமநாதபுரத்துக் குடை அது வழியாகத்தான் இந்த அறைக்குள் வந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் புத்தி ஒத்துக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. வாயை மூடவும் மறந்துவிட்டார்.

அனிஷா திரும்பி அவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பிள்ளைகளிடம் 'என் அப்பா' என்றாள். பிறகு அவர் பெயரைச் சொன்னாள்.

எட்டுக் கட்டத்திலும், ஒரே நேரத்தில், எட்டுக் குட்டிக் கட்டைவிரல்கள் காற்றில் தக்காளியை அமுக்கின.

மரிய ஆனந்த் எழுந்து நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தன் கட்டைவிரலால் திரும்ப ஒரு அமுக்கு அமுக்கினார்.