கயிற்றுக்கு வெளியே நிற்பவள்

எங்கள் ஊரில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தால் அவர்களுக்கு நடுவே ஒரு கயிறு சுழல ஆரம்பிக்கும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் குதித்து விளையாடும் அதே மாதிரிக் கயிறுதான். ஆளுக்கொரு முனை. மூன்றாவது ஆள் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், கயிறு மேலே போகும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்து, குதித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வெளியில் நின்றபடி சொன்னால் சொல் காலடியில் விழுந்துவிடும். யார் காதிலும் ஏறாது. சாயங்காலம் பெருக்க வருகிறவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

எல்லோருக்கும் இது சுலபமாக வருகிறது. தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே நுழைவார். எதிர்வீட்டு லில்லி அக்கா கையில் குழம்புக் கிண்ணத்தோடு நுழைந்து, தெருச் சேதி முழுவதையும் சொல்லி, ஒரு சொட்டு சிந்தாமல் வெளியே வருவாள்.

எனக்கு வராது. எனக்கு டிஸ்ப்ராக்ஸியா இருக்கிறது. மூளை சொல்வது கைகால்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் எங்கோ நின்றுவிடுகிறது. பொத்தான், செருப்பு வார், தோசைக் கரண்டி எல்லாவற்றோடும் எனக்குத் தகராறு உண்டு. கயிற்றின் முன்னால் நின்று, இப்போது, இல்லை இப்போது என்று முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருப்பேன். நான் குதிப்பதற்குள் பேச்சு கல்யாணத்திலிருந்து கத்திரிக்காய்க்குப் போயிருக்கும். இல்லையென்றால் கயிறு காலில் சிக்கும். எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சொல்ல வந்தது அப்போது மறந்துபோகும்.

"ஏண்டி இப்படி நடுவுல வந்து விழுற? பேசி முடிக்க விடேன்" என்பாள் என் கூடப்பிறந்த கோமளா அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டி உம்முனு நிக்குற? வாயைத் திறந்து பேசேன்" என்பாள்.

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே கயிறுகளை வாசலில் வைத்துவிட்டுத்தான் வருவார்கள். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். இரண்டே பேர் என்றால் குதிக்க வேண்டாம், முனையைப் பிடித்துச் சுற்றினால் போதும். நான் கோணலாகச் சுற்றுவேன். அம்மாவும் தன் பக்கம் கொஞ்சம் கோணலாகச் சுற்றிக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல்யாணமாகி ஓசூரில் இருக்கும் அக்கா வந்தாள். மறுநாள் காலையில் டாக்டர் செல்வின் வார்டுக்கு வந்தார். டாக்டர்களின் கயிறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு வேகம். காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். அக்கா கணக்கு டீச்சர். அவள் ஈடுகொடுத்தாள்.

"யூரின்ல இன்ஃபெக்ஷன் இருக்கு. சல்பா மாத்திரை எழுதியிருக்கேன். இதுக்கு முன்னாடி ஏதாவது மாத்திரை ஒத்துக்காம போயிருக்கா?"

"அப்படி எதுவும் இல்ல டாக்டர்."

"சிஸ்டர், இப்பவே ஒண்ணு குடுத்திடுங்க."

ஒத்துக்காமல் போயிருக்கிறது. போன வருஷம் இதே சல்பாவைப் போட்டுக்கொண்டபோது அம்மாவின் உதடு வீங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆட்டோவில் அவள் தலையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அக்காவிடம் அன்று இரவே போனில் சொல்லப் பார்த்தேன். போனில் அவளும் அவள் மாமியாரும் இருந்தார்கள். நான் நுழைவதற்குள் பேச்சு பிள்ளைகளின் பரீட்சைக்குப் போய்விட்டது.

நர்ஸ் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். அம்மா கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் மடக்கிக்கொண்டாள். நர்ஸ் தண்ணீர் ஊற்றப் போனாள்.

"அம்மாவுக்கு சல்பா" என்றேன். இரண்டு சொல்லும் கட்டில் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தன.

டாக்டர் போனபிறகு சொல்லலாம் என்று பார்த்தால் நர்ஸ் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தாள். குதித்தேன். கயிறு கணுக்காலில் சுளீரென்று அடித்தது. முட்டி கட்டில் இரும்பில் மோதியது.

"பாத்து நில்லுங்கம்மா" என்றார் டாக்டர். கயிறு மறுபடி சுழன்றது. அவர் ஒரு கால் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியிருந்தது.

நான் மறுபடி ஆடிக்கொண்டு நின்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நடுவில் வந்து விழாதே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பாதத்தைப் பார்த்தாள். அது முன்னே போய்ப் பின்னே வந்துகொண்டிருந்தது. சிறு வயதிலிருந்து அதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

பிறகு தன் முனையைக் கீழே போட்டாள்.

கயிறு தரையில் சுருண்டு விழுந்தது. டாக்டர் தன் முனையோடு நின்றார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். என் தங்கச்சிக்கு ஏதோ சொல்லணும்" என்றாள். என்னிடம், "நீ நிதானமா சொல்லு. யாரும் எங்கயும் போகல."

குதிக்க வேண்டியிருக்கவில்லை. நடந்துபோய்க் கயிற்றின் மேல் நின்றேன். சொற்கள் வரிசை மாறித்தான் வந்தன.

"வீங்கிடும். உதடு. மூச்சு வராது. போன வருஷம். சல்பா அம்மாவுக்குச் சேராது."

"சிஸ்டர், குடுக்காதீங்க" என்றார் டாக்டர்.

நர்ஸ் அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மாத்திரை வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தாள். டாக்டர் வேறு மருந்து எழுதினார். "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய் வேறு கயிற்றை எடுத்தார்.

மதியம் வராந்தா பெஞ்சில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். கயிறு எங்கள் இரண்டு பேர் மடியிலும் சும்மா கிடந்தது.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன்."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வேற என்னெல்லாம் சொல்ல வந்த?"

நிறைய இருந்தது. அவள் கல்யாணத்தன்று சொல்ல வந்ததிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் நான் நின்றபோதெல்லாம் அவளும் காத்திருந்தாள். வாங்கி வைத்திருந்த காபியில் ஆடை படிந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நாங்கள் மெதுவாகப் படியிறங்கி வாசலுக்கு வந்தபோது, அம்மாவை விட்டு இறங்கிய அந்தக் காய்ச்சல் எங்களுக்கு முன்பே ஆட்டோவில் ஏறி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. அக்கா ஒடுங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சாரல் அதன் மேல் படாமல் அம்மா படுதாவை இறக்கிவிட்டாள். எந்தத் தெரு என்று அது கேட்டது. அக்கா கயிற்றைத் தொடாமல் எனக்காகக் காத்திருந்தாள். நான் சொன்னேன்.