மூன்றாம் நாள் மூச்சு

எனக்குக் குதிரை ஆகாது. பக்கத்தில் போய்ப் பத்து நிமிடம் நின்றால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும், இழுப்பு வரும், உதடு நீலமாகும். அப்படிப்பட்டவள் குதிரை வளர்த்துத்தான் சோறு தின்கிறாள். சிரிப்பதென்றால் சிரியுங்கள். நிலாவெளி பஸ்ஸில் என்னைக் காணும் பெண்கள் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

எங்களுடையவை சுருள்முடிக் குதிரைகள். பிடரியும் வாலும் கண்ணிமையும் சுருண்டிருக்கும். நம்மூர் வெக்கைக்கு உடம்பு முடி கொஞ்சம் நேராகிப்போனாலும் காதுக்குள் இருக்கும் சுருள் போகாது. இவற்றோடு ஒரு நாள் முழுக்க நின்றாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. ஏன் என்று மிருக வைத்தியர் டொக்டர் றொபேட்டிடம் கேட்டால், பாலையூற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய களைப்போடு, "கடவுளைக் கேளுங்கோ" என்பார். இந்தச் சாதி எங்கும் குறைவு, இலங்கையில் எங்களிடம் மட்டும்தான் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

சமாதான காலத்தில் இங்கே ஹோட்டல் கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் சவாரிக்கென்று கொண்டுவந்தவை. சுனாமி ஹோட்டலை உடைத்தது. மிச்சத்தைச் சண்டை பார்த்துக்கொண்டது. அவர் போனவர் போனவர்தான். லாயத்தில் வேலை செய்த என் வாப்பா ஜமால்தீனின் கையில் குதிரைகள் மிஞ்சின. அதில் சுருளும் இருந்தது, சாதாரணமும் இருந்தது. ஒன்பது வயதில் ஒரு சாதாரணக் குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து விளையாடிவிட்டு நான் மூச்சில்லாமல் விழுந்தேன். ஊரடங்கு நேரம். வாப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, சோதனைச் சாவடி சாவடியாகக் கெஞ்சி, திருகோணமலை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றைக்கு நான் மௌத்தாகியிருக்க வேண்டியவள். சாதாரணக் குதிரைகளை அந்தக் கிழமையே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் 'மூச்சுப் பார்ப்பது' தொடங்கியது. இரண்டு சுருள் சேர்ந்தாலும் சில வேளை நேர்முடிக் குட்டி பிறக்கும். சுருளாகவே பிறந்தும் என் நெஞ்சைப் பூட்டுகிற குட்டியும் உண்டு. அதனால் வாப்பா கண்ணை நம்பமாட்டார். குட்டி பிறந்த மூன்றாம் நாள், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும், அதன் கழுத்தில் நான் முகத்தைப் புதைத்து நூறு வரை எண்ண வேண்டும். பிறகு கிணற்றடி வரை போய்த் திரும்ப வேண்டும். அன்று காலையிலிருந்து, இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப் மருந்து எடுக்கக் கூடாது. வாப்பா என் முதுகில் காதை வைத்துக் கேட்பார். விசில் சத்தம் இல்லையென்றால் "சுத்தம்" என்பார், குட்டிக்குப் பெயர் வைப்பார். சத்தம் கேட்டால் குட்டி மேற்குக் கரைக் கற்பிட்டிக்குப் போகும். அங்கே ஒரு ஹோட்டல்காரர் வாங்கிக்கொள்கிறார் என்பது வாப்பாவின் கதை. இத்தனை வருடத்தில் ஏழு குட்டிகள் கற்பிட்டிக்குப் போயின.

போன வருடம் எங்கள் ஒரே ஆண் குதிரை கேப்டன் வயிற்றுவலியில் செத்தது. மிஞ்சியவை ஆறு பெண் குதிரைகள். அதில் பவளம் மட்டும் கேப்டனுக்குச் சினைப்பட்டிருந்தது. அவள் வயிற்றில் இருப்பது ஆணாக இருந்தால் இந்தச் சாதி இங்கே நிற்கும், இல்லையென்றால் இந்த ஆறோடு முடிந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே யோசனை.

அந்த நேரம் பார்த்து எனக்கு இழுப்பு வந்தது. வந்த இடம்தான் விசித்திரம். எங்கள் காணியின் மேற்கு மூலையில் ஒற்றைப் பனை நிற்கிறது. அங்கே புல் கிடையாது, குதிரைகளும் போவதில்லை, வெறும் மணல். கழுவிய சேணத் துணிகளை வேலியில் காயப்போடப் போனவளுக்கு நெஞ்சு பூட்டியது. தூசு என்று நினைத்தேன். அடுத்த நாளும் போனேன், அடுத்த நாளும் பூட்டியது. பத்து அடி பின்னால் வந்தால் விட்டது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு மணலில் இழுப்பு வருமா?

என் இழுப்பின் சத்தம் எனக்குத் தெரியும், ஒன்பது வயதிலிருந்து கூடவே இருக்கிறது. இது அதுவல்ல. மெல்லியதாக எழுந்து, மூன்றாக உடைந்து, நின்று, யாரோ பதில் தரட்டும் என்பதுபோல் பொறுத்து, மறுபடி எழுந்தது. காணியின் அந்தக் கோடியில் மேய்ந்துகொண்டிருந்த குதிரைகள் தலையைத் தூக்கின. எல்லாவற்றிலும் மூத்தவளான மைனா நடந்து வந்தாள். என் நெஞ்சில் மூக்கை வைத்து முகர்ந்தாள். அவள் குட்டி போட்டு மூன்று வருடம். அந்தக் குட்டி, நெற்றியில் வெள்ளை வைத்த பழுப்பு நிற நேர்முடிக்காரன், கற்பிட்டிக்குப் போனவன். மைனாவின் மடியிலிருந்து பால் சொட்டுச் சொட்டாக மணலில் விழுந்தது.

அடுத்த கிழமை, வேலி போடுகிற அப்ராஸை அழைத்துப் பனையடியில் ஒரு தூண் நடச் சொன்னேன். வேலி ஆடுகிறது என்று சாட்டுச் சொன்னேன். முழங்கால் ஆழம் போனதும் அவன் மண்வெட்டியை நிறுத்தினான்.

"அக்கா, இதப் பாருங்க."

ஒரு கொத்து முடி, பழுப்பு நிறம், நேராக இருந்தது. அதன் கீழே ஒரு குளம்பு. என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அப்ராஸ் என் முகத்தைப் பார்க்காமலேயே மண்ணைத் தள்ளி மூடினான்.

"தூணக் கொஞ்சம் தள்ளி நடுவம், அக்கா."

அன்று பின்னேரம் பவளத்தைப் பார்க்க வந்த டொக்டரிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "கற்பிட்டிக்குப் போன குட்டிகளுக்கு நீங்கள்தானே டொக்டர் கடிதம் குடுத்தனீங்கள்?"

"என்ன கற்பிட்டி?" என்றார். "மிருகத்தை அவ்வளவு தூரம் ஏத்திறதெண்டால் என்ர கையெழுத்து வேணும், ஸுல்பிகா. இங்க இருந்து ஒரு குட்டிக்கும் நான் எழுதேல்ல. எல்லாம் செத்துப்போச்சுது எண்டெல்லோ வாப்பா எனக்குச் சொன்னவர்."

ஏழு முறை. ஒரு முறைகூட லொறி வந்து நான் கண்டதில்லை. எப்போதும் நான் டவுனில் மருந்து எடுக்கப் போயிருந்த நாளாகத்தான் இருக்கும். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வாப்பா பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான், வேறென்ன? கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது அவர் கை. ஆனால் தீர்ப்புச் சொன்னது என் நெஞ்சு. அன்றைக்கு இரவு நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எதிரே இருந்து வாப்பா மீனை முள் நீக்கி என் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார், சின்ன வயதில் செய்தது மாதிரியே.

சண்டை பிடித்திருக்கலாமே என்பீர்கள். வாப்பாவை எனக்குத் தெரியும். "சரி மகள்" என்பார். அடுத்த கிழமை நான் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது குட்டி இராது. அவரைப் பொறுத்தவரை அது கொலையல்ல, என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே ஓட்டம்தான். இன்னும் நிற்கவில்லை.

பவளம் ஒரு விடியற்காலை, சுபஹுத் தொழுகை நேரம் குட்டி போட்டாள். ஆண். காதுக்குள் கறுப்புச் சுருள். டொக்டர் சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினார்.

"கேப்டன் திரும்பி வந்திட்டான், ஜமால்தீன் நானா!"

"மூண்டாம் நாள் பாப்பம்" என்றார் வாப்பா.

"பாக்க என்ன கிடக்கு? சுருளைப் பாருங்கோ. இவன் இல்லாட்டி இந்தச் சாதி இங்க முடிஞ்சுது."

"சுருள் கண்ணுக்கு, டொக்டர். என்ட புள்ளட மூச்ச அடைக்கிற குதிர என்ன சாதியா இருந்தா எனக்கென்ன?"

வாப்பா மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போன நேரம் நான் தனியாக லாயத்துக்குள் போனேன். குட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்தேன். இன்னும் பிறந்த வாசனை போகாத கழுத்து. நாற்பது வரை நன்றாக இருந்தது. அறுபதில் பூட்டியது. வைக்கோலில் உட்கார்ந்து பம்ப்பை இழுத்துக்கொண்டு அழுதேன். குட்டி என் தாவணியைச் சப்பிக்கொண்டு நின்றது.

இரண்டாம் நாள் பின்னேரம் பனையடியில் ஒரு குழி இருந்தது. ஓரங்கள் நேராகச் சீவி, மண்ணை ஒரு பக்கமாக ஒழுங்காகக் குவித்திருந்தது. வாப்பா எந்த வேலையையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைப்பவர்.

மூன்றாம் நாள். அஸருக்கு முன் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டு முறை பம்ப் அடித்தேன். மருந்து வேகத்தில் காதுக்குள் நெஞ்சு இடித்தது. வெளியே வந்து, குட்டியின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, சத்தமாக நூறு வரை எண்ணினேன். கிணற்றடிக்குப் போய்த் திரும்பினேன். மூச்சு லேசாகப் போய் வந்தது. உள்ளே ஒரு கீறல் சத்தமும் இல்லை.

வாப்பா என் முதுகில் காதை வைத்தார்.

வழக்கமாக நாலு மூச்சுக் கேட்பார். அன்று பத்துக்கு மேல் போயிற்று. எதிரே வேலியில் ஐந்து குதிரைகள் வரிசையாக வந்து நின்றன, யாரும் கூப்பிடாமல். காதுகள் எல்லாம் முன்னுக்கு. அவை குட்டியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தன. மைனாவின் மடி சொட்டியது. என் முதுகில் வாப்பாவின் தாடி நடுங்குவதை உணர்ந்தேன்.

"வாப்பா?"

காதை எடுத்தார். முகத்தில் இரத்தமில்லை.

"சுத்தம்" என்றார்.

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. நேரே பனையடிக்குப் போய் அந்தக் குழியைக் கையாலேயே மூடினார். மண்வெட்டி பக்கத்தில்தான் சாய்ந்து கிடந்தது. நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று துள்ளாத குறை. குட்டியின் நெற்றியில் ஏழு எட்டு முத்தம் கொடுத்தேன்.

அடுத்த நாள் பனையடியில் போய் நின்றேன். அரை மணித்தியாலம். ஒன்றுமில்லை, நெஞ்சு சுத்தமாக இருந்தது. துணி காயப்போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தேன். வாப்பா மேசையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கும்போது மெல்லியதாக ஒரு சத்தம் எழுந்தது. மூன்றாக உடைந்தது. நின்றது. பொறுத்தது.

வாப்பாவுக்கு இழுப்பு ஒருநாளும் இருந்ததில்லை. டொக்டர் றொபேட் சொல்லி, பெரியாஸ்பத்திரியில் நெஞ்சுப் படமும் எடுத்தாயிற்று. "வயசுக்கு அருமையான நெஞ்சு" என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தால் குதிரைகள் சுற்றி வந்து நிற்கின்றன. தண்ணீர் காட்டினாலும் போவதில்லை. மைனா அவர் நெஞ்சில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், பால் அவர் காலில் சொட்டுகிறது. அவர் காலை இழுத்துக்கொள்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"மகள், காத வெச்சுப் பாரு."

நான் அவர் கழற்றிய சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அண்டைக்கு நீ பம்ப் அடிச்சிருந்த. வாயில மணத்திச்சு, எனக்குத் தெரியும். உன்ட நெஞ்சில சத்தமே இல்ல. ஆனா மத்தச் சத்தம் கேட்டிச்சு. அதுதான் சுத்தம் எண்டன்." முதுகை நிமிர்த்தினார். "இப்ப பாரு. அதுகள் இன்னமும் நிக்கிதுகளா எண்டு சொல்லு."

காதை வைத்தேன். வயதான தோல், வியர்வை, அத்தர் வாசனை. முதலில் அவர் இதயம் மட்டும் கேட்டது. பிறகு ஒன்று கூப்பிட்டது. அது நிற்க இன்னொன்று. ஒவ்வொன்றாக ஏழும் கூப்பிட்டன. கடைசியாகக் கூப்பிட்டது மைனாவின் பழுப்புக்காரன். அவன் குரல் கொஞ்சம் கரகரக்கும், மூன்று நாள்தான் கேட்டிருந்தாலும் எனக்கு மறக்கவில்லை. இத்தனை பேரையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படித் தூங்குகிறார் என்று நினைத்தேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம். அவ்வளவு இரக்கமும்.

"என்ன கேக்குது, மகள்?"

"ஒண்டுமில்ல வாப்பா" என்றேன். "சுத்தம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். சட்டையை மாட்டி, பொத்தான் போடாமல், வேப்பமரத்தடிக்கு நடந்தார். மைனா அங்கே ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தாள்.