சலூன்காரர் மறந்தவை

சலூன்காரருக்குக் கை நடுக்கம் நின்ற வாரத்தில் வீட்டிலிருந்து குடை காணாமல் போனது. யாரும் திருடவில்லை. அதன் பெயர் அவர் வாயில் வரவில்லை, ஆணியில் மாட்டியிருந்த குடையும் இல்லை. நடுக்கத்தை நிறுத்த அவர் தலைக்குள் கம்பியும் மார்புத் தோலுக்கடியில் பேட்டரியும் வைத்த டாக்டர், "சில பேருக்கு வார்த்தை சட்டுனு வராதும்மா" என்று முன்பே சொல்லியிருந்தார். பொருளும் சேர்ந்து போகும் என்று டாக்டருக்கே தெரிந்திருக்காது. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கத்தி பிடிக்க முடியாமல் இரண்டு வருடம் கடையில் ஈ ஓட்டிய மனிதர் இப்போது மீசையோரத்தைக் கோடு போட்டதுபோல் ஒதுக்கினார். குடை போனால் போகிறது, நனைந்தால் காயாதா என்றாள்.

அடுத்த பரிசோதனையில், தெரிந்த மிருகங்களையெல்லாம் கடகடவென்று சொல்லச் சொன்னார்கள். ஊர்வம்பை மூச்சு விடாமல் பேசியவர் ஆடு என்றார், மாடு என்றார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கடைவாசலில் படுத்திருக்கும் நாய் இல்லை. பிறகு சீப்பு போனது, சுழல் நாற்காலி போனது. வாடிக்கையாளர்கள் நின்றபடியே முடிவெட்டிக்கொள்ளப் பழகினார்கள். பேச்சுத் தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஒருநாள் மனைவி பொறுக்கமாட்டாமல், டாக்டர் கொடுத்திருந்த ரிமோட்டை எடுத்துத் தலைக்குள் இருந்த கருவியை அணைத்தாள். எல்லாம் இருந்த இடத்துக்கு வந்தன, நடுக்கமும் வந்தது. அவர் கைகளை முழங்காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு அழுதார். "போட்டுடு வாயாடி. கை இல்லாம நான் எதுக்குடி?" அவள் மனம் கேட்காமல் திரும்பப் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

கல்யாணமான நாளிலிருந்து அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். அது இந்தாம்மா ஆனது, பிறகு வெறும் செருமல் ஆனது. ஒரு காலையில் பாத்திரம் விளக்கும்போது தன் விரல்களின் வழியே குழாய்த் தண்ணீர் தெரிவதை அவள் பார்த்தாள். ஓடிப்போய் ரிமோட்டைத் தேடினாள். அதன் பெயரையும் அவர் என்றைக்கோ மறந்திருந்தார். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பாருங்க. நான் யாரு? எதையாவது சொல்லிக் கூப்பிடுங்க. திட்டவாவது திட்டுங்க."

அவருக்கு அவளைத் தெரிந்தது. கண் நிறைய தெரிந்தது. வாய் கோணிக்கொண்டு முட்டி மோதியது. "நீ... நீ வந்து..." என்றார். அவளுக்கு அழக்கூட நேரம் இருக்கவில்லை.

அன்று முழுக்க அவர் பீரோவைத் திறந்தார், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார், எதைத் தேடுகிறார் என்று கேட்டவர்களுக்கு அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த தெருவில் இருந்த மகள் தினமும் வந்து ஓர் ஆளுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள்.