நாற்பத்தேழாம் எண்

எங்கள் கிடங்கில் ஆளுக்கு ஓர் எண் உண்டு. அக்காவுடையது நாற்பத்தேழு, என்னுடையது ஐம்பத்திரண்டு. பொருளைப் பெட்டியில் வைத்து, காகிதத்தைத் திணித்து, டேப் ஒட்டி, ஸ்கேனரில் நம் எண்ணை அழுத்திவிட்டுப் பெட்டியைக் காட்ட வேண்டும். பீப் என்று ஒரு சத்தம் வரும். மணிக்கு எண்பது பீப். குறைந்தால் இஸ்திரிப்பெட்டி வருவார்.

இஸ்திரிப்பெட்டி எங்கள் மேனேஜர். அவர் சட்டையில் ஒரு சுருக்கத்தை நான் பார்த்ததில்லை. கத்தமாட்டார், திட்டமாட்டார். நம் எண்ணிக்கையை நமக்கே மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டுப் போவார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு மேசைக்கு நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே ஸ்கேனர். எங்கள் மேசையில் நான், அக்கா, நெட்டை, சிரிப்பு. நெட்டை ஏன் நெட்டை என்று சொல்லத் தேவையில்லை. சிரிப்பு, சம்பளம் பிடித்தாலும் சிரிப்பாள். அக்கா எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவள் என்னை ஒரு நாளும் "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை.

அக்கா ஆறு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் பன்னிரண்டு பேரை நிரந்தரம் ஆக்குவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். நிபந்தனை ஒன்றுதான். மூன்று மாதச் சராசரி எண்பதுக்குக் குறையக் கூடாது. அக்கா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். புருஷன் இல்லை, மகள் படித்துக்கொண்டிருந்தாள். "இது மட்டும் கிடைச்சிட்டா நான் வேற எதுவும் கேக்கமாட்டேன்டி" என்றாள்.

நோட்டீஸ் வந்த பத்தாம் நாள், தள்ளுவண்டி ஒன்று சாய, அதைப் பிடிக்கப் போய் அக்காவுக்கு வலது தோள் பிசகிவிட்டது. எண்ணிக்கை அறுபத்தைந்துக்கு இறங்கியது.

நான் கொஞ்சம் வேகக்காரி. தொண்ணூற்றெட்டு வரை கட்டுவேன். மணிக்குப் பதினைந்து பெட்டிக்கு என் எண்ணை அழுத்தாமல் நாற்பத்தேழை அழுத்தினால் அக்கா சரியாக எண்பதைத் தொட்டுவிடுவாள், எனக்கும் மோசமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா கையைத் தட்டிவிடுவாள், ரோஷக்காரி. மற்றவர்களிடம் சொன்னால் வாய் தவறி வெளியே போகும். அதனால் நானே ராணி, நானே மந்திரி.

முதல் வாரக் கடைசியில் பலகையில் எண்கள் வந்தன. நாற்பத்தேழு: நூற்றுப்பத்து. கிடங்கிலேயே முதல் இடம்.

நான் நெட்டையைப் பார்த்தேன். நெட்டை சிரிப்பைப் பார்த்தாள். சிரிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிக்கவில்லை. மூன்று பேரும் ஆளுக்குப் பதினைந்து போட்டிருக்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல்! கழிப்பறையில் கூடிக் குசுகுசுத்து, இனி ஆளுக்கு ஐந்துதான் என்று முடிவு செய்துகொண்டு வெளியே வந்தோம். அதற்குள் இஸ்திரிப்பெட்டி அக்கா பக்கத்தில் நின்றிருந்தார், கையில் ஒரு சான்றிதழோடு.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா என்னைத் தனியே இழுத்தாள்.

"உண்மையச் சொல்லு. என் நம்பர்ல நீங்க யாராவது போடுறீங்களா?"

மூச்சுவிட நேரமில்லாத இடத்தில் அவளால் எப்படித் தன் பெட்டிகளை எண்ணியிருக்க முடியும்? என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"ஐயோ, எங்க வேலையே எங்களுக்குத் தலைக்கு மேல இருக்கு. கை ஆறிட்டு வருதுக்கா. நீதான் வலிக்குது வலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருக்க."

அவள் தோளைச் சுழற்றிப் பார்த்தாள். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. ஆனாலும் சிரித்தாள். "அப்ப நெனப்புதான் போல" என்றாள். மறுநாளிலிருந்து தோளுக்குப் பயிற்சி எடுக்கப் போவதை நிறுத்திவிட்டாள். ஆறின கைக்கு எதற்குச் செலவு என்றாள். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டினார் இஸ்திரிப்பெட்டி.

"தோள்ல அடிபட்டவங்க நூத்திப்பத்து கட்டுறாங்க. மத்தவங்களுக்கு என்ன குறை? இனிமே எல்லாருக்கும் தொண்ணூத்தஞ்சு. இவங்கள கனரகப் பிரிவுக்கு முன்னோடியா அனுப்புறோம்."

சம்பளம் கூடுமா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை எங்களுடையது, ஆனால் குரங்கு அக்காவின் தோளில் அல்லவா ஏறி உட்கார்ந்தது! கனரகப் பிரிவில் பெட்டி ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. அங்கே ஆளுக்கு ஒரு ஸ்கேனர்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

எனக்கு இருந்தது. பொய் எண் போட்டால் நேரே வீட்டுக்குத்தான் என்பது விதி. நிரந்தரப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து நின்றாள், புதுச் சேலை கட்டினவள் மாதிரி. நெட்டை தரையைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். வேறு நாளில் இஸ்திரிப்பெட்டிக்கே பதில் சொல்கிற வாய் இது. அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

அக்கா அங்கே பத்தொன்பது நாள் தாங்கினாள். முதல் நாள் நாற்பது, பிறகு முப்பத்தைந்து. இருபதாம் நாள் தோளில் ஏதோ அறுந்துவிட்டது, பெட்டி காலடியில் விழுந்தது. முதல் இடத்தில் இருந்தவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துவிட்டார் என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் நிரந்தரம் ஆனேன். இன்றைக்கும் மணிக்குத் தொண்ணூற்றைந்து கட்டுகிறேன்.

அவள் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வெட்கம்தான், வேறென்ன. ஒரே அறை, ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதன் மேல் அழுக்குத்துணி. அக்காவால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. மகள் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். சுவரில் அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

சொல்லிவிடத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

மகள் சீப்பை நிறுத்தாமல் சொன்னாள். "நூத்திப்பத்து கட்டினவங்களுக்கு முப்பத்தஞ்சுக்கு மேல கட்ட முடியாமப் போச்சாம் ஆன்ட்டி. மனசு வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும். நான் காலேஜ நிறுத்த வேண்டி வந்திருக்காது."

அக்கா அவளைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "அவ சொல்றது சரிதான். நான்தான் கடைசியில சோம்பேறியாயிட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணை நான் எப்படி மறப்பேன்?

"ஆனா அந்த ஒரு வாரம், நீ பக்கத்துல நின்னு பாத்தவதானே. இவகிட்ட நீயே சொல்லுடி. என் கை எப்படி ஓடுச்சு?"

மகள் சீப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அக்காவிடமிருந்து அந்தச் சட்டத்தைப் பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் மகளின் வாயில் அக்கா சாகும்வரை சோம்பேறி.

"கண்ணாலயே பாக்க முடியாது. அவ்வளவு வேகம்" என்றேன்.

அக்கா சிரித்தாள். மகள் மறுபடியும் வாரத் தொடங்கினாள், முன்னைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.