இரண்டு பதினேழாம் எண்

ஓர் எலிக்குக் கிழடு தட்ட இரண்டு வருஷம் ஆகும். அதுவரை தீனி போட்டு, தண்ணீர் மாற்றி, புழுக்கை வாரியவள் நான். அந்தக் கிழட்டு எலிகளுக்கு ஊசி போட்டு, நோயை எதிர்க்கும் சக்தியை இளமைக்குத் திருப்பிவிட்டதாகப் பேர் வாங்கியவர் டாக்டர் ஜெகன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில், 2006இல்.

திருப்பினார் மண்ணாங்கட்டி! ஊசி போட்ட பத்தாம் நாள் பாதி எலி செத்துக் கிடக்கும். "ஜோதி, அதே நம்பர்ல வேற தகட்டைக் காதுல போட்டு, இளசா ஒண்ணை உள்ள விடு. செத்ததைக் கொளுத்திடு" என்பார். விட்டேன். ஆனால் கொளுத்தவில்லை. எலியைக் காணோம் என்று நாளைக்கு என் தலையில் கட்டிவிட்டால்? பையில் சுற்றி ஃப்ரீசருக்குள் அடித்தட்டில் போட்டுவைத்தேன்.

அடுத்து மனிதர்களுக்கு ஊசி என்று வயசானவர்களைத் தேடினார்கள். என் நைனா அரசப்பன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கைநாட்டு வைத்து, ஊசியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நீ வேலை செய்ற எடமாச்சே, கெடுதல் பண்ணுவாங்களா இன்னா?" என்று சிரித்தார். பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

மாலையோடு வந்த டாக்டர், "வயசான உடம்பும்மா, என்ன பண்றது" என்றார். பாவி! இவனைச் சும்மா விட்டால் நான் அரசப்பன் மகள் இல்லை என்று அங்கேயே கருவிக்கொண்டேன்.

பம்பாயிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள் பார்வையிட வந்தார்கள். டாக்டர் பதினேழாம் எண் எலியைத் தூக்கிக் காட்டி, "முப்பது மாசக் கிழடு, எவ்வளவு துறுதுறுன்னு இருக்கு பாருங்க" என்றார். நான் ஃப்ரீசரில் இருந்ததை அள்ளிக் கொண்டுவந்த ஐஸ்பெட்டியைத் திறந்து, விறைத்துப்போன எலி ஒன்றை மேஜைமேல் வைத்தேன். அதன் காதிலும் பதினேழு.

"இன்னா சார், இதுவும் பதினேழுதான். இது ஏன் துள்ளல?" என்று கேட்டு, மிச்சம் இருபத்திரண்டையும் கொட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "இவதான் மாத்தியிருக்கா!" என்று கத்தினார்.

"ஆமா, நான்தான் மாத்துனேன். நீ சொல்லித்தான் மாத்துனேன். எங்க வேணா எழுதித் தரேன்" என்றேன். அவரை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

இப்போது திருவள்ளூர் கோர்ட்டில் அவர் முதல் எதிரி, நான் இரண்டாவது. "அப்ரூவரா மாறிடும்மா, உன்னை வுட்டுருவாங்க" என்று வக்கீல் மோசஸ் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார். மாட்டேன் என்றுவிட்டேன். முதல் எலி செத்தபோதே வாயைத் திறந்திருந்தால் நைனா இருந்திருப்பார். அவரைக் கொன்றது இரண்டு பேர். அதில் ஒருத்தியை மட்டும் நான் எப்படி விடுவேன்?