எட்டு விநாடி மௌனம்

ஆன்லைனில் பாடம் நடத்துவது எப்படி என்ற பயிற்சிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வராதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாத ஒப்பந்த ஆசிரியர்களுக்கு ஜூன் மாதத்திலிருந்து வேலை இல்லை.

தாரணி ஒப்பந்த ஆசிரியை. புள்ளியியல் நடத்துகிறாள். பொம்மனஹள்ளியிலிருந்து பஸ் மாறி வைட்ஃபீல்டுக்கு வந்து, பல்கலைக்கழக அரங்கின் வாசலில் விரல் வைத்து வருகையைப் பதிவு செய்து உள்ளே போனாள்.

மேடையில் சஞ்சய் இருந்தார். டிஜிட்டல் கற்றல் இயக்குநர். அதற்கு முன் ஒரு செயலி நிறுவனத்தில் விற்பனை. வகுப்பெடுத்ததில்லை. பழைய பழக்கங்கள் எதுவும் தன்னிடம் இல்லை என்று அதையே பெருமையாகச் சொல்லித்தான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார்.

"பிளெண்டட்னா என்ன? பாதி நேர்ல, பாதி ஆன்லைன். இப்ப அனுபவிச்சே பாத்துடலாம். எல்லாரும் லேப்டாப்ப திறந்து மீட்டிங்ல சேருங்க."

சேர்ந்தார்கள். ஒரே அரங்கில் இருந்த அத்தனை மடிக்கணினிகளும் சஞ்சயின் குரலை வாங்கி, ஒன்றுக்கொன்று திருப்பிக் கொடுத்து, ஊளையிடத் தொடங்கின. அவர் ஊளைக்கு மேலே குரலை உயர்த்தினார். ஊளையும் உயர்ந்தது.

பக்கத்து நாற்காலியில் ஆஞ்சலா. ஆங்கிலத் துறை, நிரந்தரப் பணி, ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை.

"சிவாஜிநகர் மார்க்கெட்ல கூட இந்தச் சத்தம் இருக்காதுடி."

"மியூட் பண்ணச் சொல்லுங்க மிஸ்."

"நான் எதுக்குச் சொல்லணும்? அந்தாளு பேசறது ஒண்ணும் புரியல. நிம்மதியா இருக்கு."

மதிய உணவுக்குப் பிறகு கொள்கைப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். தடிமனாக இருந்தது. நான்காம் பிரிவைச் சஞ்சய் தானே வாசித்தார். ஆசிரியர் எட்டு விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் இணைப்பு துண்டிக்கப்பட்டதாகக் கருதப்படும். திரையில் சிவப்புப் பட்டை ஓடும். மதிப்பெண் குறையும். மதிப்பெண் போடுவது மென்பொருள். எல்லோரும் ஒரு மாதிரிப் பாடத்தைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். எண்பதுக்குக் கீழே வாங்கினால் சான்றிதழ் கிடையாது.

தாரணி தான் வழக்கமாக நடத்தும் பாடத்தையே பதிவு செய்தாள். ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு நோய். சோதனை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொல்லும். உனக்கு நோய் இருப்பதாகச் சோதனை சொல்கிறது. உண்மையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

கேட்டுவிட்டு அவள் காத்திருப்பாள். வகுப்பில் முதலில் வரும் பதில் தொண்ணூற்றொன்பது. அவள் ஆம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரத்தில் சொன்னவனுக்கே சந்தேகம் வரும். பேனாவை எடுப்பான். ஆயிரம் பேரில் நோயே இல்லாத பத்துப் பேருக்கும் இருப்பதாக அந்தச் சோதனை சொல்லுமே என்று கணக்குப் போடுவான். பாடம் அங்கேதான் தொடங்கும்.

மென்பொருள் நாற்பத்தொன்று கொடுத்தது.

சஞ்சயின் அறைக்குப் போனாள்.

"டெட் ஏர் மேடம், வெறும் மௌனம். ஸ்டூடண்ட் எழுந்து போயிடுவான்."

"அவங்க யோசிக்கிற நேரம் சார் அது."

"யோசிக்கட்டும். நான் வேணாங்கல. ஆனா யோசிக்கிறத மெஷின் எப்படிப் புடிக்கும் சொல்லுங்க?"

"நான் என்ன பண்றது அப்ப?"

"ஃபில் பண்ணுங்க. எதையாவது பேசுங்க. எனர்ஜி வேணும் மேடம். இன்னும் ஒரு சான்ஸ் தரேன். ரூல்படி அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து மறுபடி பதிவு செய்தாள். அதே நோய், அதே சோதனை, அதே கேள்வி. கேட்டு முடித்ததும் கொள்கைப் புத்தகத்தை எடுத்து, நான்காம் பிரிவை, சோப்பு விளம்பரத்துக்குப் பேசுகிற குரலில் வாசித்தாள். ஆசிரியர் எட்டு விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால். உட்பிரிவுகளையும் விடவில்லை. வாசித்து முடித்து விடையைச் சொன்னாள்.

அனுப்பும்போது இது அவமதிப்பு என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. யாராவது அதைக் கண்டுபிடித்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஓரளவு மரியாதையாவது வந்திருக்கும்.

தொண்ணூற்றாறு வந்தது.

பயிற்சியின் நிறைவு நாளில் அந்த வீடியோவை அரங்கில் போட்டார்கள். தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். விளக்கு எரிந்ததும் சஞ்சய் மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா? பாடமும் போகுது, பாலிசியும் போகுது. ஒரே கல்லுல. இன்னோவேஷன்னா இதுதான் சார். இனிமே இதுதான் நம்ம மாடல்."

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. வகுப்பில் ஏற்படும் இடைவெளிகளை ஆசிரியர்கள் கொள்கையை வாசித்து நிரப்ப வேண்டும். துணைவேந்தர் பாராட்டுத் தெரிவித்திருந்தார்.

காபி மிஷின் பக்கத்தில் ஆஞ்சலா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா இன்னோவேஷன். உன் புண்ணியத்துல, ரிட்டயர் ஆவுற வயசுல, கவிதை நடுவுல நான் ரூல்ஸ் ஒப்பிச்சுகிட்டு இருக்கேன்."

"கிண்டலுக்குப் பண்ணேன் மிஸ்."

"இவங்க கிட்டயா கிண்டல் பண்ணுவ? இவங்களுக்கு அது வராதுடி. நீ திட்டினா கூட டெம்ப்ளேட்னு எடுத்து வெச்சுக்குவாங்க."

சான்றிதழ் வந்தது. ஒப்பந்தம் வரவில்லை. ஒரு நேரடி ஆன்லைன் வகுப்பைச் சஞ்சய் பார்த்து அறிக்கை கொடுத்த பிறகுதான் கையெழுத்தாகும்.

அதற்குள் தாரணி மாணவர்களோடு ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். கேள்வி கேட்டதும் அவர்கள் தங்கள் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட வேண்டும். அவள் போனில் பதிவு செய்து வைத்த நான்காம் பிரிவை மைக்குக்குப் பக்கத்தில் ஓடவிடுவாள். மென்பொருளுக்குத் தேவையானது அதற்குக் கிடைக்கும். மாணவர்கள் அமைதியாகக் கணக்குப் போடுவார்கள். அவள் கையைத் தூக்கினால் சத்தத்தைத் திறக்க வேண்டும். காரணத்தை யாரும் கேட்கவில்லை. மற்ற வகுப்புகளிலும் கொள்கை வாசிப்பைக் கேட்டுக்கொண்டுதானே அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தாரணி வீட்டிலிருந்து நடத்திய புதன்கிழமை வகுப்பில் சஞ்சயின் சதுரம் திரையில் தோன்றியது. பின்னணியில் கடற்கரைப் படம் வைத்திருந்தார்.

தாரணி நோயைச் சொன்னாள். சோதனையைச் சொன்னாள். கேள்வியைக் கேட்டாள்.

சாட்டில் முதல் பதில் உடனே வந்தது. தொண்ணூற்றொன்பது. போட்டவர் சஞ்சய். கூடவே ஒரு கட்டைவிரல்.

சதுரங்களில் தலைகள் குனிந்தன. அவள் போனைத் தட்டினாள். ஆசிரியர் எட்டு விநாடிக்கு மேல், என்று அவள் குரல் உற்சாகமாக ஆரம்பித்தது. அவள் காபியை எடுத்துக் குடித்தாள். கேமராவுக்கு நேராகவே குடித்தாள். குரல் உட்பிரிவுகளுக்குப் போனது. சஞ்சய் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

யசோதா தொண்ணூற்றொன்பது என்று போட்டு, அழித்தாள். சீனு எதுவும் போடவில்லை, எழுதிக்கொண்டிருந்தான். குரல் முடியும்போது கிருத்திகாவிடமிருந்து வந்தது: ஒன்பது போல வருது மேடம், நிஜமாவா? அதன் கீழே யசோதா: எனக்கும் ஒன்பது.

தாரணி கையைத் தூக்கினாள். சத்தங்கள் திறந்தன.

"வாய்ஸ் மாடுலேஷன் சூப்பர் மேடம்," என்றார் சஞ்சய். "ஃபர்ஸ்ட் ஆன்சர் நான்தான். பாத்தீங்கல்ல? தொண்ணூத்தொம்பது. கரெக்ட்தானே?"

எல்லாச் சதுரங்களும் அவளைப் பார்த்தன. ஆம் என்றால் ஒப்பந்தம். அதைக் கேட்டு கிருத்திகா தன் ஒன்பதை அழித்துவிடுவாள். இல்லை என்றால் அறிக்கையில் என்ன எழுதுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் எதையும் சொல்லவில்லை. மாணவனை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே அவரைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

அவர் சிரித்தபடி இருந்தார். பிறகு சிரிப்பு மட்டும் இருந்தது. திரையின் மேலே சிவப்புப் பட்டை ஓடத் தொடங்கியது.

"மேடம்? கேக்குதா? மேடம்?"

அவள் அசையவில்லை. சீனு வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஃப்ரீஸ் ஆயிட்டாங்க போல," என்று சஞ்சய் தனக்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவரது சதுரம் மறைந்தது. திரும்ப வரவில்லை.

"தொண்ணூத்தொம்பது ஏன் வராது?" என்றாள் தாரணி. "கிருத்திகா, நீ சொல்லு."

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. பாடம் மிக நன்று. மாணவர் பங்கேற்பு நன்று. ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கலாம். கடைசி வரியில், வீட்டு இணைய இணைப்பை மேம்படுத்திக்கொள்ளும்படி ஆசிரியைக்கு அறிவுரை.